வலை எங்கடா

ஆற்றுக்கு வடக்கே அவர்கள் காலேஜ்
தெற்கே எங்களுடையது.
நடுவில் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும்
யானைக்கல் பாலத்தில்
சட்டையின் நிறம் பார்த்து அடித்துக்கொண்டோம்.

தொண்ணூற்று நான்கு.
ஃபைனலுக்கு முந்தின ராத்திரி
அவர்கள் மைதானத்தில் சுவரேறிக் குதித்து
கோல்கம்பத்து வலையை
பிளேடால் அறுத்துச் சுருட்டியவர்கள் மூன்று பேர்.
ஒச்சுக்காளை மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.
ஜமால் ஷார்ஜாவில் லிஃப்ட் பழுது பார்க்கிறான்.
மூன்றாவது ஆள்
இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.
டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடை திறக்கவில்லை.
அந்தப் பக்கம் வலையில்லாமலே ஆடுங்கள் என்றார் ரெஃப்ரி.
எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
அவர்களுடைய கோல்கீப்பர் ஞானதுரைக்கு
வைக்கோலில் ஓர் உருவம் செய்து
பாடைகட்டி, சங்கு ஊதி,
'தத்தனேரி உங்க பக்கந்தானடா
தூக்கிட்டுப் போக தூரமில்லடா'
என்று கம்பத்துக்குப் பின்னாலேயே நின்று
தொண்டை கிழிந்தோம்.

எண்பத்தேழாவது நிமிடம்
சோணைமுத்து இடது காலால் விட்டான்.
பந்து கம்பத்தருகே போய்
எங்களையெல்லாம் தாண்டி
சைக்கிள் ஸ்டாண்டில் மணியடித்து நின்றது.
உள்ளே நுழைந்து போனதா
வெளியே உரசிப் போனதா.
ரெஃப்ரி ஓடி வந்தார்.
வலை இருக்கவேண்டிய இடத்து வெறுங்காற்றை
கொஞ்சநேரம் பார்த்தார்.
வெளியே, என்று கை காட்டினார்.

அப்புறம் நாற்காலிகள் பறந்தன.
பாடையிலிருந்து மூங்கிலை உருவினோம்.
செல்லூர் பஸ்ஸுக்குக் கண்ணாடி போயிற்று,
ரெஃப்ரிக்குப் புருவத்தில் ஏழு தையல்.
அந்தக் கல் என் கல் என்று சொல்லமாட்டேன்.
என் கல்லும் அந்தப் பக்கம்தான் போனது.

முப்பது வருஷமாக
கல்யாணப் பந்தியிலும் துட்டி வீட்டிலும்
'அநியாயமா புடுங்கிட்டானுக மாப்ள'
என்று நானும் சொல்லிவருகிறேன்,
மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.
அன்று பிறந்தே இராத பையன்கள்
'தொண்ணூத்திநாலு கோலக் குடுறா' என்கிறார்கள்.
எதிர் கேலரி பதிலுக்கு
'வலை எங்கடா, வலை எங்கடா' என்று
டிரம் அடிக்கிறது.

இந்த வருஷம் பக்கத்து இருக்கையில் ஞானதுரை.
தொப்பை, சர்க்கரை, நரைத்த மீசை.
எனக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்துவிட்டு
தனக்கு வேண்டாம் என்றான்.
கேட்டே விட்டேன்:
'உள்ளயா வெளியயாய்யா?'

'யாருக்குத் தெரியும். கண்ண மூடிட்டேன்.
என்னையவே பாடையில பாத்துப்புட்டேன்ல.
அன்னியிலருந்து
பந்து வந்தாலே கண்ணு தானா மூடிக்கிரும்.
அதோட ஆட்டத்தயே விட்டுட்டேன்.'
கொஞ்சம் கழித்து, மைதானத்தைப் பார்த்தபடி,
'வலைன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.
எந்தப் பயலோ.'

பருத்திப்பால் சூடாக இருந்தது.
நாக்கு சுட்டதுபோல் காட்டிக்கொண்டேன்.
அதற்குள் எவனோ தண்ணீர் பாக்கெட் வீச
இரண்டு பேரும் எழுந்து நின்று
அவரவர் பக்கத்துக்கு
கெட்டவார்த்தையில் கத்தத் தொடங்கினோம்.

வில்லாபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில்
வெளுத்துப்போன நைலான் வலையில்
புடலைக்கொடி படர்ந்திருக்கிறது.
எங்கே வாங்கியது என்று
என் மனைவி கேட்டதில்லை, நல்ல கெட்டி என்பாள்.
காய் கோணாமல் இறங்க
ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டுவாள்.
கையில் அடங்குகிற அளவாகப் பார்த்து
பொறுக்கித் தருவது மட்டும் நான்.
அதில் எனக்குப் பழக்கம் உண்டு.